கடைசிக் கேள்விக்கு விடை: அ

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அண்ணியிடமிருந்து சுட்டது. கேட்டிருந்தால், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றிருப்பார். அதனால் கேட்கவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: சான்றிதழ் என்பது ஒருவரின் திறமைக்கு…

(வேண்டாம். பயிற்சி நிலையத்து விளம்பரம்போல் இருக்கிறது.)

2

அண்ணிக்குப் பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை. ஒரு மருத்துவமனையின் சர்வரில் உள்ளதைத் தினமும் நகலெடுத்து வைப்பார், பேக்கப் என்பார்கள். சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. மேலாளரிடம் பதினொன்று. அவருடைய மின்னஞ்சலில் விஷயம் இரண்டு வரி, பெயருக்குக் கீழே சான்றிதழ்கள் பதினொரு வரி. அலுவலகத்தில் அவர் பெயரே பதினொன்றுதான்.

(இவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.)

போன வருடம் ஒரு மாலை அந்த சர்வர் படுத்துவிட்டது.

"முதல்ல இருக்கிறத அப்படியே ஒரு காப்பி எடுத்துக்கலாம் சார்" என்றார் அண்ணி.

"புக்குல அப்படி இல்லையேம்மா."

பதினொன்று முந்தின நாள் பேக்கப்பை அதன் மேலேயே ஏற்றினார். அன்றைய பரிசோதனை முடிவுகள் அத்தனையும் போயின. காகிதங்களைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து மீட்டவர் அண்ணி. பதவி உயர்வு பதினொன்றுக்கு.

இப்போது உத்தரவு வந்திருக்கிறது: மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வாங்காதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

3

தேர்வு வீட்டிலிருந்தே. கேமராவில் மேசைக்கு அடியைக் காட்ட வேண்டும், காதைக் காட்ட வேண்டும். அண்ணன் கதவுக்கு வெளியே காவல்.

"முடிஞ்சுதா?"

வாயைத் திறந்தால் தேர்வு ரத்து. திரையில் கடைசிக் கேள்வி.

சர்வர் படுத்துவிட்டது. முதலில் என்ன செய்வீர்கள்?
அ) கடைசி பேக்கப்பை உடனே ஏற்றுவேன்.
ஆ) இருப்பதை அப்படியே நகலெடுத்து வைப்பேன்.

புத்தகத்தின் விடை 'அ'. அண்ணிக்கு அது மனப்பாடம். தேறுவதற்கு இந்த ஒரு மதிப்பெண்தான் பாக்கி என்பது அவருக்குத் தெரியாது. எழுதுகிற எனக்குத் தெரியும்.

(என்னிடமும் இரண்டு சான்றிதழ்கள் உண்டு. இரண்டுமே மனப்பாடம்தான். வெட்கமாக இருக்கிறது.)

4

முடிவு ஒன்று: 'ஆ'வை அழுத்துகிறார். வேலை போகிறது. ஆனாலும் அண்ணியின் நேர்மை…

(சீ.)

முடிவு இரண்டு: 'அ'. அண்ணன் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறார். அண்ணி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை.

இரண்டையும் அடித்துவிட்டேன். இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது. நீங்களே அழுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. நேற்று நீங்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போனீர்களே, அந்த மருத்துவமனையைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ரிப்போர்ட் வந்துவிட்டதா?