எல்லாரும் அடங்கும் படம்

பெண் பார்க்கப் போனபோதுகூட தனுஷன் இவ்வளவு யோசித்ததில்லை. அன்று கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் சரி என்று தலையாட்டியவன், இன்று ஒரு கெமராவுக்காக வாரக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

றக்வானைப் பக்கம் கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா என்று படம் பிடித்துப் பிழைப்பவன் அவன். கையில் இருந்தது சின்ன சென்சர் உள்ள குரொப் கெமரா. கைக்குப் பழகியது, சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் இருட்டான கோயிலுக்குள், அதுவும் தாலி கட்டும் நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் முகத்தைப் புள்ளி புள்ளியாக்கி அம்மை போட்டவர் மாதிரி காட்டிவிடும். ஃபுல் ஃப்ரேம் கெமராவில் சென்சர் பெரிது. மங்கல் வெளிச்சத்திலும் முகம் முகமாகவே விழும். நின்ற இடத்திலிருந்தே இன்னும் பத்துப் பேரைப் படத்துக்குள் இழுத்துப் போடலாம். குரொப்புக்கும் ஒரு கெட்டித்தனம் உண்டு. விளிம்பை விட்டுவிட்டு நடுவை மட்டும் எடுப்பதால், அதே லென்ஸில் தூரத்து மலையும் கிட்ட வந்து நிற்கும். கிட்டவா, அகலமா? இதுதான் அவனுடைய தலைவலி.

ஓப்பநாயக்கவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கூட்டாளி ஜஸீல் தன் ஃபுல் ஃப்ரேமை விற்கப் போவதாகச் சொன்னான். விடாமல் அடித்த மழை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அதைப் பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் வந்தும் சேர்ந்தான். இரண்டு கெமராவையும் ஒரே லென்ஸில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று இருவரும் பஸ் ரோட்டு வளைவில் முக்காலியை நட்டார்கள்.

எதிர்மலையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மேக்கணக்கு லயம். தனுஷன் பிறந்த லயம்தான். இப்போது அவனுடைய அக்கா கோகிலா கைக்குழந்தையோடு அங்கே இருக்கிறாள். கண்ணுக்கு நேரே தெரிந்தாலும், ரோட்டால் சுற்றிப் போனால் ஆட்டோவில் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும்.

முதலில் ஃபுல் ஃப்ரேமில் ஒரு படம். பிறகு லென்ஸைக் கழற்றிக் குரொப்பில் ஒரு படம். ஜஸீலின் லெப்டொப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். முதல் படத்தில் மலை, லயம், கோயில், மைதானம் எல்லாம் அடங்கியிருந்தன. இரண்டாவதில் லயத்தின் ஒரு பக்கமும் அதற்கு மேலே கொஞ்சம் தேயிலையும்தான். ஆனால் மலைத்தண்ணி கொட்டும் பீலிக்கரையில் அக்கா துணி அலசுவதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. தேயிலைக்குள்ளே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அது என்ன என்று ஜஸீல் கேட்டான்.

"கான் வெட்டிருக்காங்க," என்றான் தனுஷன். மழைத்தண்ணி ஓட மலையில் குறுக்கே வெட்டுகிற கானை அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறான். அதை யாரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

ஆனால் ஜஸீல் கடைக்காரன், விடமாட்டான். கோட்டுக்குப் பக்கத்தில் நின்ற சவுக்கு மரம் முதல் படத்தில் நேராகவும் இரண்டாவதில் சாய்வாகவும் நிற்பதைக் காட்டி, பார்த்தாயா, உன் குரொப் மரத்தைக்கூட வளைக்கிறது என்று சிரித்தான். தனுஷனும் சிரிக்கத்தான் போனான். சென்சர் படத்தை வெட்டும், மரத்தைச் சாய்க்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் குரொப்பில் கண்ணை வைத்தான்.

மரம் முன்னைவிட இன்னும் சாய்ந்திருந்தது. கான் வெட்டினால் மண்ணை ஒரு பக்கம் வரம்பாக ஒதுக்கியிருப்பார்கள். இங்கே வரம்பே இல்லை. கோட்டுக்குக் கீழே இருந்த தேயிலை முழுவதும் ஒரு படி இறங்கி நின்றது.

அது கான் இல்லை, மலை வெடித்து மண் சரியத் தொடங்கியிருக்கிறது. அக்காவுக்குப் போன் அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. லயத்து அறையான காம்பராவுக்குள் போன் அடிக்க, அவள் பீலியில் துணியைக் கும்முவதை லென்ஸில் பார்த்துக்கொண்டு நின்றான். இங்கிருந்து கத்தினால் பள்ளத்தைத் தாண்டிக் கேட்காது. கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தான்.

அடுத்து தோட்டத் தலைவர் நல்லையாவுக்கு அடித்தான். அவர் உடனே எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்தார்.

"அது கான்ப்பா. போன கெழமதான் வெட்டுனோம்," என்றார்.

அது வேறு, இது வேறு என்று தனுஷன் கெஞ்சினான். கீழே இருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே கோடுதான். இந்த மழைக்கு ஏற்கெனவே மூட்டை முடிச்சோடு ஸ்கூலுக்கு ஓடி, ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்த கதையை அவர் சொல்லத் தொடங்கினார். இனி ஆண்டவனே வந்து கூப்பிட்டாலும் சனம் அசையாது என்றார்.

பயத்தில் மனுசனுக்கு என்னென்னவோ புத்தி வரும். போன திருவிழாவில் நல்லையா லயத்துச் சனம் எல்லாரையும் ஒரே படத்தில் எடுக்கச் சொன்னபோது, என் கெமராவில் எல்லாரும் அடங்காது என்று தனுஷன் தட்டிக் கழித்திருந்தான். அந்த ஞாபகம் வந்ததும் பயத்தை மறைத்துச் சிரித்துக் காட்டினான்.

"சரி விடுங்க தலைவரே. புதுக் கெமரா வந்திருக்கு. எல்லாரும் அடங்குவாங்க. வெளிச்சம் போறதுக்குள்ள மைதானத்துக்குக் கூட்டிட்டு வாங்க, இங்கேருந்தே எடுக்கிறேன்."

"அப்படிச் சொல்லேன்," என்றார் நல்லையா சந்தோஷமாக. மைதானம் லயத்திலிருந்து ஒதுங்கி, கோயிலுக்கு அப்பால் மேட்டில் இருந்தது; மண் வந்தாலும் அங்கே எட்டாது. ஜஸீல் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

லென்ஸில் பார்த்த தனுஷனுக்கு மறு நிமிடமே தான் செய்த பிழை தெரிந்தது. நல்லையா கை தட்டிச் சொல்லிக்கொண்டு போகப் போக, வாசலில் நின்றவர்களெல்லாம் மைதானத்துக்கு ஓடவில்லை. உள்ளே ஓடினார்கள். போட்டோ என்றால் வீட்டுச் சட்டையோடு யார் நிற்பார்கள்? சேலை மாற்ற வேண்டும், பவுடர் போட வேண்டும், பிள்ளைக்குத் தலை சீவ வேண்டும். இது தெரியாதவனா அவன்? சோறு போடுகிற தொழிலே அதுதானே. கோகிலா வாளியைப் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டு மூக்காயியிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு காம்பராவுக்குள் நுழைந்தாள். பின்னால் அந்த மரம் மெதுவாகத் தலை கவிழ்ந்துகொண்டிருந்தது.

அக்காவுக்கு அடித்த அவசரத்தில் நம்பர் பிசகியது. மறுபடி அடித்தான். உள்ளே போயிருந்ததால் இந்த முறை அவளுக்குக் கேட்டது.

"என்னா தம்பி, அவசரம்? இந்தா பிள்ளைக்குச் சட்ட மாத்திக்கிட்டு..."

"அக்கா, ஒண்ணும் மாத்தாத. பிள்ளையத் தூக்கிட்டு ஓடு. மலை வருது. எல்லாரையும் கத்திக் கூப்பிட்டுக்கிட்டே ஓடு."

அவன் அழுவதை அவள் கேட்டிருக்க வேண்டும். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்து, ஒவ்வொரு கதவாக அடித்துக் கத்திக்கொண்டு ஓடினாள். பாதி கட்டிய சேலையைக் கையில் பிடித்தபடி பெண்கள் வந்தார்கள். குரொப்பின் சட்டத்துக்குள் அக்காவின் பக்கத்துக் காம்பராக்கள் மட்டும்தான் இருந்தன; லயத்தின் மறு கோடி அதில் விழவில்லை. தனுஷன் அக்காவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் கோயிலைத் தாண்டும்வரை அவளோடேயே லென்ஸைத் திருப்பிக்கொண்டு போனான்.

மலை இறங்கியது. தேயிலை நின்றபடியே கீழே வந்தது, பிறகு லயத்தின் கூரைத் தகரங்கள் மடங்கின. சத்தம் அதற்குப் பிறகுதான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. ஜஸீல் என்னமோ ஓதத் தொடங்கினான்.

போன் அடிக்கவே தனுஷன் பாய்ந்து எடுத்தான். கோகிலாவுக்கு மூச்சு வாங்கியது. பிள்ளை நல்லா இருக்கிறது, மூக்காயி இருக்கிறாள், எல்லாரும் மைதானத்தில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தலைவர் எங்கே என்று அவன் கேட்டான்.

"அவரு அந்தக் கோடியில கடைசிக் காம்பரா. எல்லாரையும் அனுப்பிட்டு, வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வாறேன்னு கடைசியா உள்ள போனாராம். நான் இந்தப் பக்கமா கத்திக்கிட்டு ஓடி வந்துட்டேன் தம்பி. அவருக்குக் கேக்கல போல."

முக்காலி மேலே குரொப் கெமரா இன்னும் மைதானத்தைப் பார்த்தபடி இருந்தது. அதற்குள் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"தம்பி," என்றாள் அக்கா. "அவரு பொஞ்சாதி கேட்டு அழுவுது. போட்டோ புடிக்கப் போறேன்னு நெசமாவே நீதான் சொன்னியா?"

தனுஷன் ஜஸீலைப் பார்த்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாக்கா. நான்தான் சொன்னேன்."