அழிக்காத வெண்புள்ளி

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. காரைக்குடியில் கல்யாணப் படம் எடுக்கும் பாண்டீஸ்வரி சொல்லிக் கேட்டது. கேட்ட நாளிலிருந்து வயிறு எரிகிறது. முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அவள் கைகளில் வெள்ளைப் பூக்கள் பூத்து…’ சீ! அவள் கைகளில் இருப்பது வெண்புள்ளி. பூவுமில்லை, புண்ணாக்குமில்லை.

2

ஒக்கூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு மாப்பிள்ளையின் பெரியப்பா, படமெடுக்க வந்த பாண்டீஸ்வரியின் கைகளைப் பார்த்துவிட்டார்.

“நல்ல காரியத்துல இந்தக் கையோடவா பொண்ணுகிட்ட நிப்பீக? வேற ஆள வரச் சொல்லியாச்சு. அங்குட்டுப் போங்கம்மா.”

(பெரியப்பாவுக்கு ஒரு நல்ல குணமாவது கொடுக்கலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை.)

வீடு திரும்பியவள் தன் கைகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். ‘இது என் கை. தொட்டால் ஒட்டாது. பிடிக்காதவர்கள் கூப்பிட வேண்டாம்.’ படமெடுக்க ஏற்கெனவே பேசிவைத்திருந்த இரண்டு கல்யாணங்கள் அந்த வாரமே கைநழுவின.

3

பிறகு ஃபாயிஸா கூப்பிட்டாள். நிக்காஹ் நிச்சயமான பெண். அவள் கன்னத்திலும் வெண்புள்ளி.

“கேட்ட போட்டோக்காரக எல்லாரும் ‘எடிட்டிங்ல அழிச்சிரலாம்’ங்கறாக. நீங்க அழிக்காமத் தருவீகளாக்கா?”

“தர்றேன்மா.”

கல்யாணம் முடிந்து, ஆல்பம் பார்க்க ஃபாயிஸா ஸ்டுடியோவுக்கு வந்திருந்தபோது மாப்பிள்ளையின் அண்ணன் போனில் வந்தார். மாதிரிப் படங்கள் அவருக்கும் போயிருந்தன. “மூஞ்சிய மட்டும் கொஞ்சம் சரி பண்ணிருங்க.” பாண்டீஸ்வரி முடியாது என்றாள். அவர் குரல் உயர்ந்தது. ஃபாயிஸா போனை வாங்கினாள்.

“மச்சான், என்னயப் பாத்துத்தான பேசி முடிச்சீக? ஆல்பத்துல மட்டும் வேற பொண்ணு எதுக்கு?”

4

இங்கேயே முடித்திருப்பேன். சதீஷ்குமார் விடவில்லை. புகைப்படக்காரர்களுக்குத் தொழில் வளர்க்க வகுப்பு எடுப்பவர். ஒரு வகுப்பில், பாண்டீஸ்வரியும் வந்திருப்பது தெரியாமல், அவளைக் கேட்காமலே அந்தக் கைகளைத் திரையில் காட்டினார்: “காயத்தக் காட்டுங்க. சரியான கஸ்டமர் தானா வருவாங்க!”

பாண்டீஸ்வரி எழுந்தாள். “நான் ஆள் புடிக்கவா போட்டேன்? வெளிய போகச் சொன்னாக, ஆத்திரத்துல போட்டேன். படத்த எறக்குங்க சார்!”

இறக்கினார். ஆனால் அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ஃபாயிஸா அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தாள். அவளுக்குப் பின் மூன்று குடும்பங்கள் வந்தன. அதற்காக ஒருவரின் காயத்தை— (நான்கு முறை எழுதி அடித்த வாக்கியம். கிடக்கட்டும்.)

5

இதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். ‘பாண்டீஸ்வரி விம்மி அழுதாள்’ என்ற வரியில் நிறுத்தினாள்.

“நான் எங்க அழுதேன்? அழுதாத்தான் உங்களுக்கும் ஆளு வருமோ?”

அந்த வரியை எடுத்துவிட்டேன். அது கடைசி வரி. எனக்கு வேறு முடிவு இல்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கண்ணீர்தான் வேண்டுமென்றால், முதலில் அவளைக் கேளுங்கள்.