மேஸ்திரியின் துண்டு

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட வேண்டும். தளம் என்றால் ஆரம்பித்தபின் முடிகிறவரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் அந்த ஒட்டு வழியாக மழை ஒழுகும். இந்த நேரம் பார்த்தா ராசிபுரத்துக்குக் கண்வலி வர வேண்டும்? வேலையாட்களில் மூன்று பேர் கண் சிவந்து படுத்துவிட்டார்கள். இன்னும் ஆள் குறைந்தால் வேலை வேறு மேஸ்திரிக்கு என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

கருப்பண்ணன் மேஸ்திரி எவரையும் நம்புகிற ஆள் இல்லை. சிமெண்டு மூட்டையைக்கூடத் தூக்கிப் பார்த்துத்தான் இறக்குவார். அவரிடம் சேலம் சுகாதாரத் துறையிலிருந்து அபிநயா என்ற பெண் லேப்டாப்போடு வந்து, நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுகிறேன் என்றால்? எல்லார் கழுத்திலும் ஓர் அட்டையை மாட்டியிருந்தாள். யார் யாரோடு நெருங்கி நிற்கிறார்கள் என்று அது குறித்துக்கொள்ளுமாம்.

"ஏனம்மிணி, கண்ணுவலி கண்ணுல வருமா, பொட்டில வருமா?"

"வந்து பாருங்க மேஸ்திரி."

திரையில் ஆளுக்கொரு புள்ளி, நெருங்கி நின்றவர்களுக்கிடையே கோடு. மூன்று சிவப்பு. அவள் தட்டியதும் சிவப்பு ஓடத் தொடங்கியது. திரையில் வியாழக்கிழமை வருவதற்குள் பாதிப் புள்ளிக்கு மேல் சிவந்துவிட்டது. எல்லாக் கோடும் நடுவிலிருந்த ஒரே புள்ளி வழியாகத்தான் போயிற்று.

"ஆரு அந்தப் பொல்லாத பய?"

"நீங்கதானுங்க."

சித்தாள்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதில் பெரிய சத்தம் அவர் மனைவி மாரக்காளுடையது.

"எங்கண்ணு நல்லாத்தான இருக்குது! பொய்க் கணக்கு!" எகிறினார் மேஸ்திரி.

"உங்களுக்கு வந்திருக்குதுன்னு சொல்லலீங்க. எல்லாரும் எதுக்கு உங்ககிட்ட இத்தன கிட்ட வாராங்க? அதான் எனக்குப் பிடிபடல."

அந்நேரம் கம்பி கட்டும் சபரிநாதன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "மண்ணு உழுந்திருச்சுங்க. எடுத்து உடுங்க."

கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதில் கருப்பண்ணனை மிஞ்ச ஆள் கிடையாது. இமையைப் புரட்டித் துண்டு நுனியால் ஒரு தொடு, மண் வெளியே. வழக்கம்போல் நுனியை முறுக்கினார். கை பாதியில் நின்றது. படுத்துக் கிடக்கும் மூவரும் இப்படித்தானே வந்தார்கள், மண் உறுத்துகிறது என்று? அன்றைக்கு மண்ணே அகப்படவில்லையே! அதற்கப்புறம் எத்தனை கண்ணில் இதே துண்டு!

"அட நாசமாப் போன துண்டே!" டீ அடுப்பில் எறிந்தார். "அம்மிணி! அந்த நடுப்புள்ளியத் தூக்கிப்போட்டு மறுக்காத் தட்டு!"

தட்டினாள். சிவப்பு கொஞ்ச தூரம் போய் நின்றது.

"நெசமாவா? இன்னொருக்காத் தட்டு சாமி!"

சோப்பு வந்தது. ஆளுக்கொரு துணி. யார் கண்ணையும் யாரும் தொடக் கூடாது. புதிதாகச் சபரிநாதன் மட்டும் கண் சிவந்து படுத்தான்.

வெள்ளிக்கிழமை மிக்சர் உறுமியது. கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே பறந்தது. தளம் பாதி ஆனபோது மாரக்காள் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தாள். "ஐயோ, கண்ணுல மண்ணுங்க!"

அவர் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. தோள் வெறுமையாக இருந்தது.

"கிட்ட வராத! கொழாய்ல கழுவுடி!"

"கட்டுனவளுக்கும் கொழாய்த் தண்ணிதானா?"

"நீயும் ஒரு புள்ளிதான், போ!"

மேலிருந்து கீழ்வரை சிரிப்பு. ஆனால் சட்டி நிற்கவில்லை. பொழுது சாயக் கடைசிச் சட்டியும் கொட்டியாயிற்று. கருப்பண்ணன் அபிநயாவுக்குப் போன் போட்டுக் கத்தினார்:

"தளம் முடிஞ்சுது அம்மிணி! உம்பொட்டி சொன்னது செரிதான். மழைக்கு ஒழுகுமான்னு மட்டும் அதுகிட்டக் கேக்க மாட்டேன். அத நானே பாத்துக்கறேன்!"