இருபது வீட்டுச் சராசரி

துர்க்கா செல்வரட்ணம் அன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் புள்ளிவிபரவியல் அசைன்மென்ற்றைக் கொடுத்தாக வேண்டும். நடுத்தவணைச் சோதனையில் கோட்டை விட்டவள். இதிலும் சறுக்கினால் பாடம் போய்விடும். பாடத்தோடு அந்த வருடமும் போய்விடும்.

வேலை என்னவோ மலையைப் புரட்டுகிற வேலையில்லை. இருபது வீடுகளில் வசிப்பவர்களின் பெயர்களைத் திரட்டி, ஆளுக்கொரு வரியாகக் கொம்பியூட்டரில் அடித்து, ஒரு வீட்டுக்குச் சராசரி எத்தனை பேர் என்று சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். கனடாவின் ஸ்காபரோவில் தாங்கள் இருந்த மாடிக்கட்டடத்திலேயே கதவு கதவாகத் தட்டி, இருபது வீட்டுத் தேத்தண்ணியையும் குடித்து, தொண்ணூற்றெட்டுப் பேரை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கடைசிப் பெயர் ஒன்றாக இருப்பவர்கள் ஒரு வீடு என்று புரோகிராமுக்குச் சொன்னாள். விடை 2.45 என்று வந்தது.

எங்கள் சனத்தின் வீட்டில் இரண்டரைப் பேராம்! ஹோலில் மட்டுமே மூன்று பேர் படுக்கிற வீடுகள் அவை. புரோகிராமை வரி வரியாகத் துருவினாள், பிழை அகப்படவில்லை. பெயர்ப்பட்டியலை அச்செடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவளுக்கும் தாய்க்கும் தம்பிக்கும் கடைசிப் பெயர் அப்பாவின் பெயர், செல்வரட்ணம். அப்பாவின் கடைசிப் பெயரோ அவருடைய தகப்பனின் பெயர், சண்முகலிங்கம். இருபது வீட்டு அப்பாமாரையும் புரோகிராம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளித் தனிக்குடித்தனம் வைத்திருந்தது. துர்க்கா வாய்விட்டுச் சிரித்ததில் பல்கலைக்கழகக் கொம்பியூட்டர் ஆய்வுகூடமே திரும்பிப் பார்த்தது.

ஒவ்வொரு வரியிலும் வீட்டு இலக்கத்தைச் சேர்த்து, அதன்படி பிரித்தாள். அப்பாமார் வீடு வந்து சேர்ந்தார்கள். 4.90. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் சீமோன் இராஜரட்ணம். அதே கட்டடத்து ஜோசபீன் அன்ரியின் கணவர். அவர் கனடாவைக் கண்ணாலும் கண்டதில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் போரால் இடம்பெயர்ந்தபோது கிளிநொச்சியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை. கட்டடம் முழுக்கத் தெரிந்த கதை. அன்ரி "ஐஞ்சு பேர்" என்று அவருடைய பெயரையும் சேர்த்துச் சொன்னபோது, முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்று துர்க்கா எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

வெளியே போய்த் தொலைபேசியில் காசு போட்டாள்.

"அன்ரி, அசைன்மென்ற்றில இஞ்ச இருக்கிற ஆக்களை மட்டும்தான் எழுதவேணுமாம். சீமோன் அங்கிளை..."

"அவர் வருவார் பிள்ளை. ஸ்பொன்சர் பேப்பரெல்லாம் போட்டு வச்சிருக்கிறன். அவரை விட்டிட்டு எழுதாதையும், என்ன?"

"ஓம் அன்ரி."

வாய்தான் ஓம் என்றது. திரும்பி வந்து அந்த வரியில் கேர்சரை வைத்தாள். நாலரை மணி. அழித்தாள். புரோகிராமை ஓட்டினாள்.

4.85.

இன்னும் கொஞ்சமாவது குறையும் என்று நினைத்திருந்தாள். ஒரு மனிசன் இல்லாமல் போனதற்கு இவ்வளவுதானா? திரும்பவும் ஓட்டிப் பார்த்தாள். விடை சரியாகத்தான் இருந்தது. அச்செடுத்து, பிளொப்பி டிஸ்க்கையும் சேர்த்து உறையிலிட்டு, ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க அசைன்மென்ற் பெட்டிக்குள் போட்டாள்.

ஜோசபீன் அன்ரியின் வீடும் துர்க்காவின் மாடியிலேதான், லிப்டுக்கு நேரெதிரே. துர்க்கா அன்றைக்கு ஒன்பது மாடியும் படியால் ஏறினாள்.