பூவிழியின் பிஸ்டல்

என் மனைவியின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதைவிட நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் வளவன், வலங்கைமானில் எஸ்.ஐ. பூவிழி திருவாரூரில் எஸ்.ஐ. இருவரும் ஒரே பேட்ச்; பயிற்சியில் பழகித்தான் கல்யாணம். அங்கே குறி பார்த்துச் சுடுவதில் நான்தான் முதல், அவள் எனக்கு ரொம்பப் பின்னால். ஆனால் இன்று என்ன நிலைமை? எனக்கு அதே பழைய ரிவால்வர். ஆறு தோட்டா போடும் உருளை, வெளுத்துப்போன தோல் உறை, கீழே விழுந்து தொலையாமலிருக்க ஆட்டைக் கட்டுவதுபோல் தோளிலிருந்து ஒரு கயிறு. எனக்கு முன்னால் எத்தனை எஸ்.ஐ. இடுப்பில் தொங்கியதோ, யாருக்குத் தெரியும்! மந்திரி பந்தோபஸ்துக்குப் போகிறவர்களுக்குத்தான் முதலில் என்று சொல்லி அவளுக்குப் புது பிஸ்டல் கொடுத்துவிட்டார்கள். கறுப்பு, கையடக்கம், ஒரே மேகசினில் பதினேழு தோட்டா. கயிறும் கிடையாது, கண்றாவியும் கிடையாது.

மாமனார் இராஜாங்கத்துக்கு வாய் சும்மா இருக்காது. போன மாதம் டியூட்டிக்குப் போகும் வழியில் அவர் வயல் பக்கம் இருவரும் வண்டியை நிறுத்தினோம். நடவு நடந்துகொண்டிருந்தது.

"என்ன மாப்ள, புள்ளைக்குப் புதுசு, ஒங்களுக்குப் பழசா? கயிறு அவுந்துடாமப் பாத்துக்கங்க!"

நடவுப் பெண்கள் நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி சிரித்தார்கள். பூவிழியும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை விட்டுவிடலாம். அவள் சிரித்ததை என்னால் விழுங்க முடியவில்லை.

அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது. புது பிஸ்டலால் சுட்டுத் தேறுகிறவர்களுக்கு அன்றே பிஸ்டல். தேறாதவர்களுக்கு அடுத்த வருஷம்வரை பழசே. எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியும் வாங்கிவிட வேண்டும்.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் பூவிழி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இதைப் புடிக்கிற விதமே வேறங்க. ரெண்டு நிமிஷம் காட்டட்டா?"

"எனக்கு நீ சொல்லித்தரணுமாக்கும்! போடி, போய் வேலயப் பாரு."

அவள் எழுந்து போனாள்.

மறுநாள் துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஆயுதப்படை இன்ஸ்பெக்டர் புகழேந்தி பிஸ்டலைத் தூக்கிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பூவிழிக்கும் அங்கேதான் டியூட்டி. புங்கமரத்தடியில் நின்று டி.எஸ்.பி.யோடு பேசிக்கொண்டிருந்தாள். அவர் என்னவோ கேட்க, இவள் உறையைத் தட்டிக்காட்டி என்னவோ சொல்ல, அவர் சிரிக்க... அப்படி என்னய்யா சிரிப்பு? நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இதுதான் முக்கியம், புரியுதா?" என்று புகழேந்தி முடித்தது மட்டும் காதில் விழுந்தது. எல்லாரோடும் சேர்ந்து நானும் "யெஸ் சார்!" என்று கத்தினேன்.

ரிவால்வரைப் பிடிக்கும்போது இடது கட்டைவிரலை வலது கைக்குப் பின்புறமாகக் குறுக்கே போட்டு இறுக்குவது என் பழக்கம். கை ஆடாது. பிஸ்டலையும் அப்படியே பிடித்தேன். ஆனால் பிஸ்டலில் குண்டு வெளியேறியதும் மேல்பாகம் மொத்தமும் பின்னால் பாய்ந்து வரும். வந்தது. என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டுப் போனது.

"ஐயோ அம்மா!"

"அட என்ன வளவன், இப்பத்தானே தொண்ட கிழியக் கத்துனேன், வெரல அங்க வைக்காதீங்கன்னு!" என்றார் புகழேந்தி.

பூவிழி ஓடிவந்தாள். கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினாள். என் மூஞ்சியைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"மிச்சத்தையும் சுடுங்க. எனக்கும் மொத நாளு இதே எடத்துலதான் வெட்டுச்சு."

இடது கையை நீட்டினாள். கட்டைவிரல் மடிப்பில் வெள்ளையாக ஒரு தழும்பு. தினமும் என் கண் முன்னாலேயே இருக்கிற கை.

"அரிவாமணைல வெட்டிக்கிட்டேன்னு சொன்னே?"

"ஆமா."

"ஏன் பொய் சொன்னே?"

"நெசத்தச் சொன்னா நீங்க சந்தோஷப்பட்டிருப்பீங்க. அந்த மூஞ்சிய நான் பாக்க வேணாமேன்னுதான்."

சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது உண்மை. சத்தியமாகச் சந்தோஷப்பட்டிருப்பேன். ஸ்டேஷனில் நாலு பேரிடம் சொல்லியும் சிரித்திருப்பேன்.

திரும்பி நின்று மீதித் தோட்டாக்களைச் சுட்டேன். விரல் தெறித்தது. ஆனாலும் தட்டுத்தடுமாறித் தேறிவிட்டேன். ரிவால்வரைக் கயிறோடு கழற்றிக் கொடுத்து, புது பிஸ்டலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நான் வேண்டியது கைக்கு வந்துவிட்டது.

"வாங்கிட்டீங்களா!" என்று பூவிழி எல்லார் முன்னாலும் கை தட்டினாள். அவள் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. எனக்குக் கிடைத்ததற்காக நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். என்னால் அப்படி ஒரு நாளும் முடிந்ததில்லை. பிஸ்டலைச் சரிபார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.