இடம் மாறிய கலங்கரை விளக்கம்

சின்ன வயதில் வீடு தங்காதவளைப் பார்த்து, "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தியா?" என்று அம்மா திட்டியதிலிருந்து அவளுக்குச் சக்கரம் என்ற பெயரே நிலைத்துவிட்டது. தையல்காரியான பிறகும் அந்தக் கால் ஓயவில்லை. இரண்டு நாள் லீவு கிடைத்தால் போதும், கணவரை இழுத்துக்கொண்டு ஏதாவது ஓர் ஊருக்குக் கிளம்பிவிடுவாள். திரும்பும்போது அந்த ஊர்க் கடைத்தெருத் துணி ஒரு முழமாவது பையில் இருக்கும். அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்டு, பார்த்த ஊரையே போர்வையாகத் தைத்துவிடுவாள். கட்டிலில் ஒரு மலை கிடக்கும், சோபாவில் ஒரு சந்தை கிடக்கும்.

"போட்டோவைப் பார்த்துத் தைக்கிறது என்ன பெரிய வித்தை? ஒரு தடவை பார்த்த ஊர் எனக்கு மறக்காது" என்று சவடால் அடிப்பாள். சவடால்தான், ஆனால் பொய்யில்லை. அந்தத் தைரியத்தில்தான் சீருடை தைக்கும் கம்பெனி வேலையை உதறிவிட்டுப் போர்வையே பிழைப்பு என்று இறங்கியிருந்தாள். முதல் பெரிய ஆர்டரும் வந்தது. அக்கரையில் இருக்கும் துறைமுக ஊருக்குப் பயணிகள் படகை ஓட்டும் கேப்டன் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பரிசாக அந்த ஊரையே போர்வையாகத் தைத்துத் தரவேண்டும் என்று படகுக் கம்பெனி ஊழியர்கள் கேட்டார்கள். அவர்கள் நீட்டிய போட்டோவை, "நாங்க பார்த்த ஊருதான், நீங்களே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். இது பிடித்துப்போனால் கம்பெனியின் காத்திருப்பு அறைகளுக்கெல்லாம் அவள்தான் தைப்பாள். சொதப்பினால் மறுபடியும் சீருடைதான்.

விழாவுக்கு முந்தின நாள் கடைசி ஓரத்தையும் தைத்து முடித்து, போர்வையைச் சுவரில் மாட்டினாள். பூட்டு ரிப்பேர் செய்யும் கணவர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"ஏம்மா, அன்னைக்கு மேட்டுல உக்காந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டோமே, அப்ப கலங்கரை விளக்கம் நமக்கு வலது பக்கந்தானே இருந்துச்சு? இங்க இடது பக்கம் நிக்குது?"

அவள் போர்வையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். தாளில் படம் வரைந்து, அதைத் துணியின் உள்பக்கம் வைத்து, தாளின் மேலேயே தைத்துவிட்டு அப்புறம் கிழித்தெடுப்பது அவள் வழக்கம். அப்படித் தைக்கும்போது படத்தை இடவலம் மாற்றி வரைய வேண்டும். அவள் நேராக வரைந்து தொலைத்திருந்தாள். ஊர் மொத்தமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி உட்கார்ந்திருந்தது.

பிரித்துத் தைக்க நேரமில்லை.

"பேசாம குடுத்துடு. யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றார் கணவர்.

"தினம் அந்த ஊருக்குப் போய் வர்ற மனுஷருக்கா தெரியாது? நானே சொல்லிடறேங்க. தப்புன்னா தப்பு. அதுக்காகத் தையல் மோசமா என்ன?"

சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். தப்பாக இருந்தாலும் சுருக்கத்தோடு போகக்கூடாதல்லவா?

மறுநாள் கேப்டனின் கடைசிப் பயணத்திலேயே விழா. முன்பு அந்த ஊருக்குப் பஸ்ஸில் போய் வந்ததால் இருவருக்கும் இதுதான் முதல் படகுப் பயணம். போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் கண்ணுக்குத் தெரிந்ததும் கணவர் அவள் தோளைத் தட்டினார்.

"ஏம்மா, கலங்கரை விளக்கத்தை யாரு இடம் மாத்தினது?"

நிமிர்ந்தாள். அது இடது பக்கம் நின்றது. அவர்கள் அன்றைக்கு ஊருக்குப் பின்னாலிருந்த மேட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். கடல் வீடுகளுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தைக்கும்போது அவள் எல்லோரும் வரைவதைப் போலக் கடலைக் கீழே, வீடுகளுக்கு முன்னால் வைத்துவிட்டாள். ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிசெய்துவிட்டது. தாளில் மட்டும் முறைப்படி மாற்றி வரைந்திருந்தால் மானம் கப்பலேறியிருக்கும். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

உதவியாளரிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டுக் கேப்டன் மேல்தளத்துக்கு வந்தார். போர்வையை விரித்துப் பிடித்தார்கள். அவர் அதைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். ஒரு மஞ்சள் துண்டின் மேல் விரலை வைத்தார்.

"இது எங்க வீடு. இதைப் பார்த்ததும்தான் வேகத்தைக் குறைப்பேன்." அவள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் மேட்டுல நின்னுதான் இந்த ஊரைப் படம் எடுப்பாங்க. நான் வீட்டுக்கு வர்றப்போ பாக்குற ஊரு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

கணவர் 'சொல்லிடாதே' என்று கண்ஜாடை காட்டினார். அவள் கண்டுகொள்ளவில்லை.

"தெரியாது கேப்டன். திருப்பித் தைச்சுட்டேன். தப்புன்னு சொல்லத்தான் வந்தேன். வந்து பார்த்தா சரியா இருக்கு."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்ற படகுக் கம்பெனி மேலாளரிடம் திரும்பினார். "காத்திருப்பு அறை எல்லாத்துக்கும் இவங்களே தைக்கட்டும். தப்புப் பண்ணினாலும் தானா வந்து சொல்றவங்க."

இறங்கும்போது கணவர் காதோரம் கேட்டார்: "அடுத்ததுக்காவது தாள்ல மாத்தி வரைவியா?"

"அதை ஊரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் சக்கரம். "இந்தத் தடவை ரெண்டு பக்கமும் நின்னு."