ரக்கர் ஆட்டக்காரன்

அந்த மழைக்காலம் முழுக்க ஃபேக்டரி டீம் தோற்றுக்கொண்டே இருந்தது. ஏன் தோற்கிறோம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. நீலகிரியில் கட்டபெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட்டில் கால்பந்துக்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். பெயருக்குத்தான் ஃபேக்டரி வேலை. மற்ற நேரமெல்லாம் மைதானம். கேப்டன் வேலுமணியை அருவங்காட்டிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். இருந்தும் ஊட்டியில் நாலு கோல் வாங்கினார்கள், குன்னூரில் ஐந்து.

எல்லோரையும்விடக் குழம்பிப் போயிருந்தவன் கோல்கீப்பர் சில்வஸ்டர். இந்த டீமுக்குள் தான் எப்படி வந்தோம் என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

சிலோனில் டிக்கோயாப் பக்கம் பிறந்தவன் அவன். துரைமார் கிளப்பில் புல் வெட்டுகிற வேலை. ஆள் குறைந்த நாட்களில், அங்கே ரக்கர் என்று சொல்லும் ரக்பி பயிற்சிக்கு அவனையும் இறக்கிவிடுவார்கள். முட்டை மாதிரி இருக்கும் அந்தப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடிக்க வருகிறவர்களுக்குப் போக்குக் காட்டி அவன் ஓடுவதைப் பார்த்துத் துரைமாரே கை தட்டியிருக்கிறார்கள். பிறகு இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. கப்பல், மண்டபம் முகாம் என்று அலைந்து, பெட்டி என்ற மனைவியோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தான். பெட்டிக்குக் கொழுந்து பறிக்கிற வேலை கிடைத்தது. அவனை வெல்ஃபேர் ஆபீசர் அம்புரோஸ் முன்னால் நிறுத்தினார்கள்.

"அங்க என்னப்பா பண்ணிட்டிருந்தே?"

"கிளப்புல வேலைங்கய்யா. ரக்கர் ஆடுவேன்."

"சாக்கரா?" கால்பந்தைத்தான் சொல்கிறான் என்று அம்புரோஸ் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கிளப்புக்கே ஆடுனியா?"

சில்வஸ்டர் தலையாட்டினான். இந்தியாவில் ரக்கரை அப்படித்தான் சொல்வார்கள் போல என்று நினைத்துக்கொண்டான். இங்கே வந்ததிலிருந்து எத்தனையோ சொற்கள் அப்படி மாறிப்போயிருந்தன.

முதல் ஆட்டத்திலேயே வினை வந்தது. தன்னிடம் வந்த பந்து உருண்டையாக இருந்தது அவனுக்கு ஆச்சரியம். ஆனாலும் கையில் வாரிக்கொண்டு ஓடினான். விசில் ஊதினார்கள். எதற்கென்று தெரியாமல் இன்னும் வேகமாக ஓடினான். மைதானமே சிரித்தது.

"இவன் கையிலதானுங்க வெளையாடறான்," என்று வேலுமணி அம்புரோஸிடம் போய் நின்றான். அம்புரோஸ் தன் தேர்வை விட்டுக்கொடுக்கவில்லை. "கையில பிடிக்கிறவன்தானே? கோல்ல நிறுத்து" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் சில்வஸ்டர் பெட்டியிடம் சொன்னான்: "இது வேற ஆட்டம் புள்ள. நான் போய் உண்மையச் சொல்லிடறேன்."

"சும்மா இருங்க. இப்பதான் லயத்துல குடியிருக்க ஒரு காம்பரா குடுத்திருக்காங்க. வாயத் தொறக்காம கத்துக்கங்க."

கற்றுக்கொள்ளத்தான் பார்த்தான். ஆனால் ஆளுக்கொன்று சொன்னார்கள். முன்னால் வா என்றான் ஒருவன், கோட்டிலேயே நில் என்றான் இன்னொருவன். பந்து மட்டும் வலைக்குள் போய்க்கொண்டே இருந்தது.

கடைசி ஆட்டம் கோத்தகிரியில். தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். சமனில் முடிந்தால் தப்பிக்கலாம். அன்று சில்வஸ்டர் அபாரமாக ஆடினான். எந்தப் பக்கமிருந்து வந்த பந்தும் அவன் கைக்குத்தான் வந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரத்தில் மூடுபனி இறங்கி எதிர்க் கோலை மறைத்தது. பனிக்குள்ளிருந்து உயரமாக ஒரு பந்து வந்தது. எம்பிப் பிடித்தான். பிடித்த கையோடு நிமிர்ந்தால், தடியன் ஒருவன் நேராகப் பாய்ந்து வருகிறான்.

அந்தக் கணத்தில் அவன் உடம்பு டிக்கோயாவுக்குப் போய்விட்டது. ஆபத்து நெருங்கினால் சொந்தக் கோட்டுக்குப் பின்னால் ஓடிப் பந்தைத் தரையில் அழுத்திவிட வேண்டும். அழுத்திவிட்டால் எதிரிக்கு ஒன்றுமில்லை. திரும்பி ஓடினான். கம்பங்களுக்கு நடுவே புகுந்து, கோட்டைத் தாண்டி, பந்தின்மேல் விழுந்தான். வலை தலையில் சிக்கியது. சிக்கியபடியே சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினான். யாரோ கத்தினார்கள், துள்ளினார்கள். தனக்காகத்தான் என்று நினைத்தான். துள்ளுகிறவர்கள் வேறு நிறச் சட்டைக்காரர்கள் என்பது மெல்லத்தான் கண்ணில் பட்டது.

வேலுமணி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த மாதமே கம்பெனி டீமைக் கலைத்தது. பந்துக்காக வந்தவர்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். தன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று சில்வஸ்டர் காத்திருந்தான். ஆனால் அம்புரோஸ் கூப்பிட்டு, "நாளையிலிருந்து இலை வாட்டற எடத்துக்குப் போ, ஆள் பத்தல" என்றார்.

"தண்டனைங்களா ஐயா?"

அம்புரோஸ் அவன் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். "எனக்கும் தெரியலப்பா. போ."

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் வேலுமணி லயத்துக்கு வந்தான். அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று சில்வஸ்டர் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஏப்பா, அன்னிக்கு எதுக்கு உள்ளாற ஓடுனே?"

சில்வஸ்டர் எல்லாவற்றையும் சொன்னான். ரக்கர், முட்டைப் பந்து, கோட்டுக்குப் பின்னால் அழுத்துவது. வேலுமணி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

"அப்ப நீ காப்பாத்துனதா நெனச்சியா?"

"ஆமாங்க."

"அந்த ஆட்டத்துல, அதுக்கப்புறம் என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. யாருக்கும் பாயிண்டு இல்ல. ஆட்டத்த மறுபடி தொடங்குவாங்க."

 வேலுமணியின் முகம் கோணியது, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை. "அடப்பாவி, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்று அவன் தோளை ஒரு பிடி பிடித்துக் குலுக்கிவிட்டு, தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினான்.

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "சண்டைக்கா வந்தாரு?"

"தெரியல புள்ள," என்றான் சில்வஸ்டர்.